கண்ணாடியைக் கழற்றுமுன் கண்ணை அறிவோம்



"பத்துப் பதினைந்து நிமிட வேலைதானாம், அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் கண்ணாடியே தேவையில்லையாம், உண்மையா?" இந்தக் கேள்வி இன்று நம் வீடுகள் பலவற்றில் கேட்கப்படுகின்றது. பிள்ளைகள் கேட்கிறார்கள், பிள்ளைகளுக்காகப் பெற்றோர் கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் நானாமார் "அங்கே எல்லோரும் செய்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பக்கத்து வீட்டு ராத்தாவோ "கண்ணில் நெருப்பை வைக்கிறதாமே, குருடாகிப் போனால் என்ன செய்வது?" என்று பயமுறுத்துகிறார். இரு சாராரும் சொல்வதில் பாதி உண்மை உண்டு. பாதி செவிவழிச் செய்தி. கண் என்பது இன்னொன்றை வாங்கிப் பொருத்திக்கொள்ளக்கூடிய பொருளல்ல. எனவே, அதில் கை வைக்க முன்னர் விடயத்தை ஓரளவேனும் விளங்கிக்கொள்வது நம் ஒவ்வொருவரின் பொறுப்பாகும்.

பார்வை எப்படி உண்டாகிறது?

கண்ணின் முன்புறத்தில், கருவிழிக்கு மேலாக, கைக்கடிகாரத்தின் கண்ணாடி மூடியைப் போல வளைந்த, நிறமற்ற ஒரு படலம் இருக்கிறது. தமிழில் இதனை விழிவெண்படலம் என்பர். அரபு மொழியில் இதற்குப் பெயர் 'கர்னிய்யா'. 'கர்ன்' என்றால் கொம்பு. மெல்லிதாகச் சீவிய கொம்பின் ஊடாக வெளிச்சம் தெரிவது போல இதனூடாகவும் ஒளி செல்வதால் இப்பெயர் வந்தது. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'கோர்னியா' என்ற சொல்லின் பொருளும் கொம்பு என்பதிலிருந்து வந்ததுதான்.

பொருட்களிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே நாம் பார்க்கிறோம் என்பதை ஆதாரங்களோடு நிறுவியவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் ஆவார். பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்ற நூல் பின்னர் இலத்தீன் மொழியில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவின் ஒளியியல் அறிவுக்கு அடிப்படையாக அமைந்தது.

உள்ளே நுழையும் ஒளியை வளைத்து, கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரையில் குவியச் செய்வதே பார்வையின் இரகசியம். இந்த வளைக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை விழிவெண்படலம் செய்கின்றது. எஞ்சியதை உள்ளே இருக்கும் கண்வில்லை செய்கின்றது. வளர்ந்த ஒருவரின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளமுடையது. அது ஒரு மில்லிமீற்றர் கூடினாலே போதும். ஒளி விழித்திரையை அடைய முன்னரே குவிந்து, தூரத்திலுள்ள பொருள் மங்கிவிடும். இதுவே குறும்பார்வை. அந்த ஒரு மில்லிமீற்றருக்கு சுமார் இரண்டரை முதல் மூன்று வரையான பவருள்ள 'மைனஸ்' கண்ணாடி தேவைப்படும். கண் குட்டையாக இருந்தால் ஏற்படுவது நீள்பார்வை. அதற்குப் 'பிளஸ்' கண்ணாடி. விழிவெண்படலத்தின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லாமல், தேக்கரண்டியின் முதுகைப் போல ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால் எழுத்துக்கள் நிழலடித்தது போலத் தெரியும். அதற்குச் 'சிலிண்டர்' என்று எழுதித் தருவார்கள்.

நாற்பது வயதைத் தாண்டியதும் பத்திரிகையைக் கைநீட்டிப் பிடித்து வாசிக்கிறோமே, அது வேறு விடயம். அதனை வெள்ளெழுத்து என்கிறோம். உள்ளே இருக்கும் கண்வில்லை வயதோடு இறுகி, கிட்டப் பார்ப்பதற்காக வளையும் சக்தியை இழப்பதால் அது வருகிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது தேவைப்படும்.

லேசர் எப்படிக் கண்ணுக்கு வந்தது?

விழிவெண்படலத்தின் வளைவை மாற்றினால் கண்ணாடி தேவைப்படாது என்ற எண்ணம் லேசருக்கு முந்தியது. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் பணியாற்றிய ஹொசே பராக்கர் என்ற கண் வைத்தியர், 1949 இல் இதற்கான ஒரு முறையை வெளியிட்டார். படலத்தின் ஒரு சிறு வட்டத்தை வெட்டியெடுத்து, உறைய வைத்து, கடைசல் இயந்திரத்தில் செதுக்கி, மீண்டும் கண்ணில் பொருத்துவதே அவர் முறை. பின்னர் 1970களில் மொஸ்கோவில் ஸ்வியாத்தொஸ்லாவ் ஃபியோதரொவ் என்பவர், சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலப் படலத்தில் கத்தியால் கீறி வளைவைத் தட்டையாக்கும் முறையைப் பரப்பினார். ஆயினும் மனிதக் கையும் கத்தியும் செய்யும் வேலையில் மைக்ரோன் கணக்கில் துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்.

லேசர் ஒளியை முதன்முதலில் உருவாக்கிக் காட்டியவர் அமெரிக்கரான தியடோர் மைமன், ஆண்டு 1960. ஆனால் பார்வைக் குறைபாட்டுக்குப் பயன்படும் லேசரின் கதையில் தமிழர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் உண்டு. சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த ரங்கசாமி சீனிவாசனே அவர். 'எக்சைமர்' எனப்படும் ஒரு வகை லேசரை அவர் பிளாஸ்டிக்கில் பரீட்சித்து வந்தார். உயிர்ப் பொருளில் இது எப்படி வேலை செய்யும் என்று அறிய, 1981 நவம்பர் 27 ஆம் திகதி, முந்திய நாள் விருந்தில் மீந்த வான்கோழியின் எலும்பையும் தசைநாரையும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டு வந்து லேசரின் கீழ் வைத்தார். சுற்றுப்புறத்தைக் கருக்காமல், விளிம்பு சுத்தமாக, நினைத்த இடத்தில் மட்டும் வெட்டு விழுந்தது. அவரும் அவருடைய சகாக்களான ஜேம்ஸ் வின், சாமுவேல் ப்ளம் ஆகியோரும் இக்கண்டுபிடிப்புக்காக 2013 இல் அமெரிக்காவின் தேசியப் பதக்கத்தால் கௌரவிக்கப்பட்டனர்.

பக்கத்து ராத்தாவின் பயத்துக்கு இங்கே பதில் இருக்கிறது. இந்த லேசர் நெருப்பல்ல. இது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். இதன் அலைநீளம் 193 நானோமீற்றர். இது திசுவை எரிப்பதில்லை. திசுவின் மூலக்கூறுகளைப் பிணைத்திருக்கும் கட்டுக்களை அறுத்து, மிக மெல்லிய அடுக்காக ஆவியாக்கி விடுகிறது. கண்ணின் உட்பகுதிக்கு இது ஊடுருவிச் செல்வதுமில்லை.

நியூயோர்க்கைச் சேர்ந்த கண் வைத்தியர் ஸ்டீவன் ட்ரோக்கல் 1983 இல் சீனிவாசனுடன் சேர்ந்து இதனைக் கண்ணுக்குப் பயன்படுத்தும் வழியை ஆராய்ந்தார். 1988 இல் மார்கரீட் மக்டொனல்ட் என்ற பெண் வைத்தியர், பார்வையுள்ள ஒரு மனிதக் கண்ணில் இச்சிகிச்சையைச் செய்தார். ஈரானின் ஷிராஸ் நகரில் பிறந்த கோலாம் பேமன் என்ற வைத்தியர், படலத்தில் ஒரு மடலைத் திறந்து அதன் அடியில் லேசரைச் செலுத்தும் முறைக்கு 1989 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கிரேக்க நாட்டின் கிரீட் தீவைச் சேர்ந்த இயோவானிஸ் பலிக்காரிஸ் அம்முறையை நோயாளர்களிடம் செய்து வளர்த்தார். 'லேசிக்' என்று இன்று எல்லோர் வாயிலும் வழங்கும் சிகிச்சை இதுவே.

மூன்று வழிகள்

இன்று பெரும்பாலும் மூன்று வழிகளில் இச்சிகிச்சை நடைபெறுகின்றது.

முதலாவது, 'பி.ஆர்.கே.'. படலத்தின் மேற்தோலை அகற்றிவிட்டு, நேரடியாக லேசரைச் செலுத்துவார்கள். அகற்றிய மேற்தோல் சில நாட்களில் தானாக வளரும். அதுவரை கட்டுத் துணிக்குப் பதிலாக ஒரு மென்மையான கொன்டக்ட் லென்ஸை வைப்பார்கள். முதல் சில நாட்கள் வலியும் கூச்சமும் கண்ணீரும் இருக்கும். பார்வை தெளிந்து நிலைபெறச் சில வாரங்கள் செல்லும். மெதுவான வழிதான், ஆனால் மடல் இல்லை என்பதால் படலம் சற்று மெலிந்தவர்களுக்கும், அடிபடக்கூடிய தொழில் அல்லது விளையாட்டில் இருப்பவர்களுக்கும் இதனையே சிபாரிசு செய்வர்.

இரண்டாவது, 'லேசிக்'. ஏறத்தாழ 100 முதல் 120 மைக்ரோன் தடிப்பில் ஒரு மெல்லிய மடலை வெட்டி, புத்தகத்தின் அட்டையைத் திறப்பது போலத் திறந்து, அடியில் லேசரைச் செலுத்திய பின் மடலை மீண்டும் மூடிவிடுவார்கள். தையல் கிடையாது. அடுத்த நாளே பலருக்குப் பார்வை தெளிந்துவிடும். முன்னர் இம்மடலைச் சிறு வாள் போன்ற கருவியால் வெட்டினர். இப்போது பல இடங்களில் 'ஃபெம்டோசெக்கன்ட்' என்ற இன்னொரு லேசரே வெட்டுகின்றது. இவ்வளவு குறுகிய, வலிய ஒளித் துடிப்புக்களை உருவாக்கும் முறையைக் கண்டுபிடித்த ஜெரார் மூரு, டொனா ஸ்ட்ரிக்லன்ட் ஆகிய இருவரும் 2018 ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

மூன்றாவது, 'ஸ்மைல்'. மடல் எதுவும் திறக்காமல், படலத்தின் உள்ளேயே லேசரால் ஒரு சிறு வில்லையை வரைந்து, சில மில்லிமீற்றர் மட்டுமே உள்ள துவாரத்தினூடாக அதனை உருவி எடுப்பார்கள். அமெரிக்காவில் இம்முறைக்கு 2016 இல் அனுமதி கிடைத்தது.

சத்திரசிகிச்சை அறையில் நடப்பது எதுவும் இரகசியமல்ல. ஊசி இல்லை, மயக்க மருந்தும் இல்லை. துளி மருந்து விட்டுக் கண்ணை மரத்துப் போகச் செய்வார்கள். இமை மூடாதபடி ஒரு சிறு கம்பிக் கருவியை வைப்பார்கள். மடலை வெட்டும்போது கண்ணில் ஓர் அழுத்தம் தெரியும். சில கணங்கள் பார்வை மங்கலாம். பிறகு மேலே தெரியும் ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். லேசர் சொடுக்குச் சொடுக்கென்று ஒலிக்கும். முடி பொசுங்கியது போல ஒரு வாடை வரும். லேசர் வேலை செய்யும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. "பத்து நிமிட வேலை" என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறந்தது.

அந்தப் பேச்சில் ஒரு குறை உண்டு. வெட்டும் வேலைக்கே பத்து நிமிடம். வெட்டலாமா, கூடாதா என்று தீர்மானிக்கும் வேலை அதைவிட நீண்டது, அதைவிட முக்கியமானது.

யாருக்குப் பொருந்தாது?

இக்கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ள விரும்புவோர் இப்பகுதியை வைத்துக்கொள்ளட்டும்.

ஒன்று: வயது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது கூடாது. பதினெட்டு முடிந்தாலும் போதாது. கண்ணாடியின் பவர் குறைந்தது ஒரு வருடமாவது மாறாமல் நிலைத்திருக்க வேண்டும். வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த உடுப்பு அடுத்த வருடம் பொருந்துமா? உடுப்பை மாற்றலாம், செதுக்கிய படலத்தை மீண்டும் ஒட்ட முடியாது.

இரண்டு: படலத்தின் தடிப்பு. சாதாரணமாக இதன் நடுப்பகுதி ஏறத்தாழ 540 மைக்ரோன், அதாவது அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதல். ஒவ்வொரு பவரைக் குறைக்கவும் ஏறத்தாழ 14 மைக்ரோன் செதுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'மைனஸ்' ஐந்து உள்ளவருக்கு 70 மைக்ரோன் போகும். மடலுக்கு 110 போகும். அடியில் 360 எஞ்சும். பயமில்லை. இன்னொருவருக்குப் படலமே 480 தான், பவரோ எட்டு. அவருக்கு 112 செதுக்கி, மடலுக்கு 110 போனால் எஞ்சுவது 258 மட்டுமே. குறைந்தது 250 எஞ்ச வேண்டும் என்பது வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பேணும் எல்லை. 300 இருக்க வேண்டும் என்போரும் உளர். இப்படிப்பட்டவருக்கு ஒரு நல்ல வைத்தியர் "உங்களுக்கு லேசிக் வேண்டாம்" என்றுதான் சொல்வார். அவருக்குக் கண்ணுக்குள் ஒரு மெல்லிய வில்லையை வைக்கும் வேறு சிகிச்சை பொருந்தக்கூடும்.

மூன்று: கூம்பு விழி. சிலருடைய படலம் பலவீனமாகி, மெல்ல மெல்ல மெலிந்து, முன்னோக்கிக் கூம்பு போலப் புடைத்து வரும். பெரும்பாலும் பருவ வயதில் தொடங்கும். கண்ணாடியின் சிலிண்டர் அடிக்கடி கூடிக்கொண்டே போவது இதன் ஓர் அடையாளம். ஒவ்வாமையால் கண் அரித்து, ஓயாமல் கசக்கும் பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகின்றது. தென்னாசியாவிலும் மத்திய கிழக்கிலும் இது அரிதான நோயல்ல. இத்தகைய கண்ணில் லேசிக் செய்வது இடிந்துகொண்டிருக்கும் சுவரிலிருந்து கல்லைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும். இதன் தொடக்க நிலை சாதாரண கண் பரிசோதனையில் தெரியாது. படலத்தின் வரைபடத்தை எடுக்கும் கருவியிலேயே தெரியும். எனவே, இந்த வரைபடம் எடுக்காமல் சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கூம்பு விழி இருப்பது தெரியவந்தால் கலங்க வேண்டியதில்லை. ரைபோஃபிளேவின் என்ற விற்றமின் துளியையும் புற ஊதாக் கதிரையும் கொண்டு படலத்தை உறுதிப்படுத்தும் சிகிச்சை ஜெர்மனியில் உருவாக்கப்பட்டு இன்று பரவலாக உள்ளது. நேரத்தோடு கண்டால் நோயை அங்கேயே நிறுத்தலாம். முற்றிய பின் கண்டால், இறந்த ஒருவரின் படலத்தைப் பெற்றுப் பொருத்துவதே சிலருக்கு வழி. 1961 இல் டொக்டர் ஹட்சன் சில்வா ஆரம்பித்த கண்தானச் சங்கத்தின் மூலம் பாகிஸ்தான் உட்படப் பல நாடுகளுக்கு விழிவெண்படலங்களை அனுப்பிய நாடு நம் இலங்கை என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

நான்கு: கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் காத்திருக்க வேண்டும். உடலில் ஏற்படும் மாற்றங்களால் அக்காலத்தில் பவர் தற்காலிகமாக மாறக்கூடும். அளவே தவறினால் வெட்டும் தவறும்.

ஐந்து: கட்டுப்பாட்டில் இல்லாத சீனி வியாதி, மூட்டுவாதம் போன்ற சில நோய்கள், கடுமையான கண் வறட்சி, பழைய கண் தொற்றுக்கள், முகப்பருவுக்காக உட்கொள்ளும் சில மாத்திரைகள் ஆகியவை காயம் ஆறுவதைப் பாதிக்கும். என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதை ஒன்றும் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கல்யாணப் பேச்சும் கண்ணாடியும்

இப்போது வீட்டுக்குள் வருவோம். என்னிடம் ஓதிய ஒரு மாணவரின் வாப்பா ஒருநாள் சந்திக்க வந்தார். தன் மகளுக்கு லேசர் செய்யக் கடன் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மகளுக்குப் பதினேழு வயது, ஏ.எல். படித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நல்ல இடத்தில் பேச்சு வந்ததாம். வந்தவர்கள் எல்லாம் பிடித்திருக்கிறது, கண்ணாடிதான் என்று இழுத்தார்களாம். உம்மாவின் இரண்டு காப்பை விற்றாவது கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்பது வீட்டார் முடிவு. "மகளின் கண்ணாடி போன வருடம் என்ன பவர், இந்த வருடம் என்ன பவர்?" என்று கேட்டேன். போன வருடம் நான்கு, இந்த வருடம் ஐந்து என்றார். "அப்படியானால் காப்பை விற்க முன்னர் ஒரு கண் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள்" என்றேன். காட்டினார். பவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, இரண்டு வருடம் கழித்து வாருங்கள் என்று அந்த நிபுணர் திருப்பி அனுப்பிவிட்டார். காப்பு தப்பியது, அதைவிடப் பெரியதும் தப்பியது.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. ஆண்பிள்ளை கண்ணாடி போட்டால் "படித்த பிள்ளை" என்கிறோம். பெண்பிள்ளை போட்டால் "குறை" என்கிறோம். இரண்டும் ஒரே கண்ணாடிதானே! பெண் பார்க்கச் செல்லும் தாய்மாரே, சகோதரிகளே, நீங்கள் போகிற போக்கில் சொல்லும் ஒரு சொல், வளரும் ஒரு பெண்ணின் கண்ணைக் கத்தியின் கீழ் கொண்டு போய் வைக்கக்கூடும். அந்தப் பெண் தன் விருப்பத்தால், உரிய வயதில், உரிய பரிசோதனைகளுக்குப் பின்னர் செய்துகொள்வது வேறு. மற்றவர் வாயை அடைப்பதற்காக அவசரமாகச் செய்விப்பது வேறு. கண் அவளுடையது, அதில் ஏதேனும் நேர்ந்தால் அதைச் சுமப்பவளும் அவளே.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கச் செய்வதும் புத்தியல்ல. சிகிச்சைக்குப் பின் சில வாரங்களுக்குச் சுறுமாவும் கண் அலங்காரப் பூச்சுக்களும் கூடா. சிகிச்சைக்கு முன்னரும் சில நாட்கள் அவற்றை நிறுத்த வேண்டும். கல்யாண வீட்டில் இது நடக்கிற காரியமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நன்மையும் தீமையும்

உரிய முறையில் பரிசோதித்துத் தெரிந்தெடுக்கப்பட்டவர்களுக்கு இச்சிகிச்சை நல்ல பலனைத் தருகிறது என்பதை மறுக்க முடியாது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் வேறு அரச அமைப்புக்களுடன் சேர்ந்து லேசிக் செய்தவர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2017 இல் வெளியாகின. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கும் அதிகமானோர் தம் பார்வையில் திருப்தி தெரிவித்தனர். அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் உண்டு. முன்னர் எந்த அறிகுறியும் இல்லாதவர்களில் 46 வீதம் வரையானோர், மூன்று மாதங்களின் பின், ஒளிவட்டம், கூச்சம், இரட்டை உரு போன்ற ஏதாவது ஓர் அறிகுறியேனும் புதிதாகத் தோன்றியதாகக் கூறினர். முன்னர் கண் வறட்சி இல்லாதவர்களில் 30 வீதம் வரையானோருக்கு வறட்சி தோன்றியது. ஆனால் இவ்வறிகுறிகளால் அன்றாட வேலையே செய்ய முடியாத அளவு சிரமப்பட்டோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

திருப்தியும் அறிகுறியும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. இரவில் வாகனம் ஓட்டுபவருக்கு எதிரே வரும் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிவது சிறிய விடயமல்ல. பகலில் கடை நடத்துபவருக்கு அது பெரிதாகத் தோன்றாது. எனவே "அவருக்கு நன்றாக வந்தது" என்பது உங்களுக்குச் சான்றாகாது.

படலத்தில் மடல் வெட்டும்போது அங்குள்ள நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. வறட்சி வருவதற்கு இதுவே முக்கிய காரணம். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் குறைந்துவிடும், சிலருக்கு நீடிக்கும். கிருமித் தொற்று, மடல் இடம்பெயர்தல், படலம் பின்னர் புடைத்து வருதல் ஆகியன அரிதானவை. ஆனால் நேர்ந்தால் கடுமையானவை. குணப்படுத்திய பவரில் ஒரு பகுதி சில வருடங்களில் திரும்ப வருவதும் உண்டு.

லேசரால் ஆகாதவை

நாற்பது வயதில் வரும் வெள்ளெழுத்தை லேசிக் தடுக்காது. அது கண்வில்லையின் முதுமை. லேசர் தொடுவதோ வெளிப்படலத்தை. 'மைனஸ்' மூன்று பவருள்ள ஒருவர் கண்ணாடியைக் கழற்றினால், ஐம்பது வயதிலும் சிறிய எழுத்தை வெறுங்கண்ணால் வாசிப்பார். அவர் இரு கண்களுக்கும் லேசிக் செய்தால் தூரம் தெரியும். ஆனால் வாசிக்கக் கண்ணாடி தேட வேண்டி வரும். நாற்பதை அண்மித்தோர் இதை நன்கு யோசிக்க வேண்டும்.

குறும்பார்வை உள்ள கண்ணின் நீளம் லேசரால் குறைவதில்லை. நீண்ட கண்ணின் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். கண்ணாடி போனாலும் அந்த அபாயம் போகாது. திடீரென மின்னல் போல ஒளி தெறித்தால், புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்தால், ஒரு பக்கம் திரை விழுந்தாற் போல் இருந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். லேசிக் செய்தவருக்கும் இதே சட்டம்தான்.

இன்னொரு குழப்பத்தையும் நீக்குவோம். "வாப்பாவுக்கும் லேசர் செய்தது" என்று பலர் சொல்வது கண்புரைச் சத்திரசிகிச்சையை. அது வேறு. அங்கே மங்கிய வில்லையைப் பெரும்பாலும் கேளா ஒலி அலையால் உடைத்து எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கிறார்கள். சீனி வியாதியால் பாதிக்கப்பட்ட விழித்திரைக்குச் செய்வதும் லேசர்தான். ஆனால் அது பார்வை மேலும் கெடாமல் காப்பதற்கு, கண்ணாடியைக் கழற்றுவதற்கல்ல. அந்த லேசரை வைத்தியர் செய்யச் சொன்னால் தள்ளிப்போட வேண்டாம். கண்ணாடிக்கான லேசரை எத்தனை வருடமும் தள்ளிப்போடலாம், ஒன்றும் குறையாது.

செய்யத் தீர்மானித்தால்

இச்சிகிச்சை கொழும்பில் தனியார் நிலையங்களில் செய்யப்படுகின்றது. இந்தியாவுக்குச் சென்று செய்துகொள்வோரும் உளர். எங்கே செய்தாலும் இவற்றைக் கவனியுங்கள். பரிசோதனைக்கு முன் மென்மையான கொன்டக்ட் லென்ஸை ஓரிரு வாரங்களும் கடினமானதை அதைவிடக் கூடுதலாகவும் நிறுத்துங்கள். லென்ஸ் படலத்தின் வடிவத்தை மாற்றி அளவைத் தவறச் செய்யும். என் படலத்தின் தடிப்பு எவ்வளவு, செதுக்கிய பின் எவ்வளவு எஞ்சும், வரைபடம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பின்னர் ஏதேனும் நேர்ந்தால் யார் பார்ப்பார் என்று கேளுங்கள்; வெளிநாட்டில் செய்வோருக்கு இது மிக முக்கியம். விலைக் கழிவு விளம்பரத்தைப் பார்த்துக் கண்ணைக் கொடுக்காதீர்கள்.

சிகிச்சைக்கு முந்திய அளவுகள் அடங்கிய அறிக்கையைக் கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். முதுமையில் கண்புரை வந்து செயற்கை வில்லை வைக்கும்போது அந்தப் பழைய அளவுகள் வைத்தியருக்கு உதவும். படலம் மெலிந்த பின் கண்ணின் அழுத்தத்தை அளந்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். எனவே லேசர் செய்ததை எந்தக் கண் வைத்தியரிடமும் சொல்ல மறக்கக் கூடாது.

சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ ஒரு வாரம் கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். குளம், கடல், நீச்சல் தடாகம் சில வாரங்களுக்குக் கூடாது. கண்ணைக் கசக்கவே கூடாது. "வுழூவுக்கு என்ன செய்வது?" என்று பலர் கேட்கிறார்கள். கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது வுழூவில் கடமையில்லை. இமைப் பகுதியிலும் தண்ணீர் படக்கூடாது என்று வைத்தியர் சொன்னால், கழுவக்கூடிய இடங்களைக் கழுவி, கழுவ முடியாத இடத்துக்காகத் தயம்மும் செய்துகொள்வது ஷாபிஈ மத்ஹபின் வழியாகும். நோன்பில் கண்ணுக்குத் துளி மருந்து விடுவதால் அம்மத்ஹபின்படி நோன்பு முறியாது. விபரம் தேவைப்படுவோர் சிகிச்சைக்கு முன்னரே தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். தொழுகைக்குப் பயந்து கண்ணை நனைத்து விடவும் வேண்டாம். கண்ணுக்குப் பயந்து தொழுகையை விட்டுவிடவும் வேண்டாம்.

நம் சிறு பிள்ளைகளுக்கோ இப்போது தேவைப்படுவது லேசரல்ல, வெளிச்சம். குறும்பார்வை உலகெங்கும் பெருகி வருகின்றது. 2050 அளவில் உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது இருக்கலாம் என 2016 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பகல் வெளிச்சத்தில் நாளுக்கு இரண்டு மணித்தியாலமளவு விளையாடும் பிள்ளைகளுக்கு இக்குறை வருவது குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பாடசாலை விட்டு வந்தால் வகுப்பு, வகுப்பு விட்டால் கைத்தொலைபேசி என்று அவர்களை நாலு சுவருக்குள் வைத்துவிட்டு, பின்னர் இலட்சக் கணக்கில் செலவழித்துக் கண்ணைச் செதுக்குவதைவிட, அஸருக்குப் பின் அவர்களை முற்றத்துக்கு அனுப்புவது எளிது. பிள்ளை கரும்பலகை தெரியவில்லை என்று சொன்னால் உடனே பரிசோதித்துக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும் என்பது வெறும் கதை.

மூக்கில் ஏறிய கண்ணாடி வெட்கப்பட வேண்டிய ஒன்றல்ல. அதைக் கழற்ற விரும்புவது குற்றமும் அல்ல. வயது, பவர், படலம் ஆகிய மூன்றும் இடம் கொடுத்து, நிபுணரும் சம்மதித்து, கண்ணுக்குரியவரும் மனதார விரும்பினால் செய்துகொள்ளட்டும். அம்மூன்றில் ஒன்றேனும் தவறினால், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பதே மேல்.